மகளின் முதல் சம்பளம்: எந்த வங்கி, கிரெடிட் கார்டு வாங்கலாமா?

பவானிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கைக்கு வரும் சம்பளம் 26,000 ரூபாய். நிறுவனமே ஒரு தனியார் வங்கியில் சம்பளக் கணக்கு தொடங்கிக் கொடுத்துவிட்டது.

வீட்டில் இப்போது இரண்டு பேச்சு ஓடுகிறது. அவள் அப்பா, "நமக்குத் தறிக் கடன் கொடுத்த வங்கி பவானியில் இருக்கிறது, 1991 முதல் அங்கேதான் கணக்கு, சம்பளம் வந்ததும் அங்கே மாற்றிவிடு" என்கிறார். மகளோ செல்பேசிச் செயலியிலேயே எல்லாம் நடக்கும்போது ஊர்க் கிளை எதற்கு என்கிறாள்.

இதற்கிடையில் சம்பளம் வந்த மூன்றாம் நாளே கிரெடிட் கார்டு தருகிறோம் என்று போன் வர ஆரம்பித்துவிட்டது. ஒரு வாரத்தில் ஐந்து அழைப்புகள். "ஆயுள் முழுவதும் இலவசம், 75,000 ரூபாய் வரம்பு, இன்றே சொன்னால்தான்" என்கிறார்கள். எங்கள் வீட்டில் இதுவரை யாரிடமும் கார்டு இல்லை. கடன் என்றால் நகையை வைப்போம், இல்லையென்றால் தெரிந்தவரிடம் கேட்போம். வங்கியை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? கார்டு வாங்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தாம்பரம்வாசி

அக்கா, தாராளமாக வாங்கச் சொல்லுங்கள். நான் ஏழு ஆண்டுகளாக இரண்டு கார்டுகள் வைத்திருக்கிறேன். ஒரு ரூபாய்கூட வட்டி கட்டியதில்லை. ரயில் டிக்கெட், மின்கட்டணம், வண்டிக் காப்பீடு எல்லாம் அதில்தான். பில் வந்ததும் முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் ஆகும்படி வைத்திருக்கிறேன். வாங்கிய நாளைப் பொறுத்து 20 முதல் 50 நாள் வரை வட்டியில்லாத தவணை கிடைக்கிறது.

இன்னொன்று, நாளைக்கு அவள் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது கடன் வரலாறு என்று ஒன்று வேண்டும். எந்தக் கடனும் வாங்காதவருக்கு, கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறார் என்று காட்டும் சிபில் ஸ்கோரே இருக்காது. 300 முதல் 900 வரை உள்ள அந்த எண் நல்லபடியாக இருந்தால் வட்டி விகிதத்திலேயே சலுகை கிடைக்கிறது. கார்டை ஒழுங்காகப் பயன்படுத்துவது அதற்கு எளிய வழி.

ஓய்வுபெற்ற காசாளர்

அம்மா, பொதுத்துறை வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பகுதி தஞ்சை மாவட்டக் கிளைகளில். வங்கியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கார்டு பிறகு.

கவுன்ட்டருக்கு உள்ளே இருந்து நான் பார்த்ததில், வங்கியைத் தாமாகத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் மிகக் குறைவு. அப்பா கணக்கு இருந்த இடத்தில் பிள்ளை, கல்வி உதவித்தொகைக்காகப் பள்ளி கைகாட்டிய இடத்தில் மாணவி, கம்பெனி சொன்ன இடத்தில் ஊழியர். பிறகு முப்பது ஆண்டுகள் அதே கணக்கு. அதனால் உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி.

எல்லாரும் பார்ப்பது வட்டி விகிதம். சேமிப்புக் கணக்கைப் பொறுத்தவரை அதில் பெரிய விஷயம் இல்லை. 2011 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சேமிப்பு வட்டியை அந்தந்த வங்கியே முடிவு செய்யலாம் என்று விட்டது. இன்று ஸ்டேட் வங்கி 2.5% தருகிறது. வேறு சில வங்கிகள் கூடுதலாகத் தரும். உங்கள் மகளின் கணக்கில் சராசரியாக 15,000 ரூபாய் இருக்கும் என்று வையுங்கள். ஒரு சதவீத வித்தியாசம் என்றால் ஆண்டுக்கு 150 ரூபாய். அதற்காக வங்கி மாற வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது குறைந்தபட்ச இருப்பு. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, நம் இந்தியன் வங்கி எல்லாம் 2025இல் சேமிப்புக் கணக்குக்கு அபராதத்தை நீக்கின. அதே 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி பெருநகர, நகரப் பகுதிகளின் புதிய கணக்குகளுக்கு 50,000 ரூபாய் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் 15,000 ரூபாயாகக் குறைத்தது. சம்பளக் கணக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சம்பளம் வருவது நின்று சில மாதங்கள் ஆனால் அது சாதாரண சேமிப்புக் கணக்காகிவிடும். வேலை மாறியவர்கள் மறந்துபோய்விடுவார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் அபராதம் ஏறியிருக்கும். பெண்ணிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

அடுத்தது, யாரும் கேட்காத ஒன்று. கணக்கு வைத்தவர் இறந்த பிறகு அந்த வங்கி குடும்பத்தை எப்படி நடத்தும்? நான் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிளையில் இருந்தபோது ஓர் அம்மா கையில் மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் கணவரின் பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு. கணக்கில் 41,000 ரூபாய். வாரிசுதாரர் நியமனம் இல்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்க அவர் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்தார் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு முறையும் திரும்பும் வழியில் கிளைக்கு வந்து "இது போதுமா சார்" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். ஒரு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். எந்த வங்கியானாலும் முதல் வேலை இதுதான்.

ஆக என் யோசனை: சம்பளக் கணக்கு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஊர்க் கிளையிலும் ஒரு சேமிப்புக் கணக்கு. அவசரத்துக்குக் கடன், நகைக் கடன், லாக்கர் எல்லாம் முகம் தெரிந்த கிளையில் எளிது. அவள் அப்பா சொல்வதில் பாதி நியாயம் அதுதான்.

கரூர்க் கணக்கர்

காசாளர் ஐயா சொன்ன இரண்டு வங்கி யோசனைக்கு நான் இன்னொரு காரணம் சேர்க்கிறேன்.

எங்கள் ஊரில் 1926இல் ஏழு வணிகர்கள் சேர்ந்து தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. ஜவுளி வியாபாரம் அதோடு சேர்ந்தே வளர்ந்தது. 94 ஆண்டுகள் நின்ற வங்கி. 2020 நவம்பர் 17 அன்று மத்திய அரசு அதன்மேல் தடை போட்டது. ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிப்பு. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. வைப்புத்தொகை வைத்தவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. ஆனால் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. பங்கு மூலதனம் முழுவதும் கழித்துக் கட்டப்பட்டது. அந்த வாரம் கரூரில் வேறு பேச்சே இல்லை.

அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கியில் 50,000 ரூபாய் வரம்பு. முந்தைய ஆண்டு செப்டம்பரில் மும்பையின் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் முதலில் 1,000 ரூபாய் வரம்பு. ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் மருத்துவமனைக்குப் போக முடியுமா? கடைசியில் பணம் கிடைக்குமா என்பது ஒரு கேள்வி. நாளைக் காலையில் கிடைக்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதனால்தான் நான் பார்க்கும் கணக்குகளில் எல்லாம் கூலிப் பணத்தை ஒரே வங்கியில் வைக்க விடுவதில்லை.

வைப்புத்தொகைக்குக் காப்பீடு இருக்கிறது. அசலும் வட்டியும் சேர்த்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை. 1993 முதல் 1 லட்சமாகவே கிடந்தது, 2020 பிப்ரவரி 4 முதல்தான் 5 லட்சம். ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் பிரித்துப் போட்டாலும் மூன்றையும் கூட்டித்தான் 5 லட்சம். இது தெரியாமல் கிளை கிளையாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2021இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, தடை போட்ட 90 நாளுக்குள் இந்தக் காப்பீட்டுத் தொகையைக் கொடுத்தாக வேண்டும்.

பவானிக்கரை

எவ்வளவு விவரம்! காசாளர் ஐயா, அந்த அம்மா பற்றிப் படித்துவிட்டு எங்கள் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். வாரிசுதாரர் இடத்தில் இறந்துபோன என் மாமியார் பெயர் இருக்கிறது. நாளையே மாற்றுகிறோம்.

கணக்கர் அவர்களே, ஒரு சந்தேகம். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் 2 லட்சம் போட்டிருக்கிறோம். அதற்கும் இந்தக் காப்பீடு உண்டா?

கரூர்க் கணக்கர்

கூட்டுறவு *வங்கி* என்றால் உண்டு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி எல்லாம் அதில் சேரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்றால் இந்தக் காப்பீடு கிடையாது. பெயர்ப் பலகையையும் ரசீதையும் படித்துப் பாருங்கள். நிதி நிறுவனங்களின் வைப்புக்கும் கிடையாது. அஞ்சலகச் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு.

உசிலம்பட்டி ஆசிரியை

வங்கிப் பேச்சு நன்றாகப் போகிறது. கார்டு பற்றி நான் சொல்கிறேன். பழைய பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எண்கள் தவறாகக் கூடாது என்பதற்காக.

எனக்கும் பவானிக்கரை அவர்களின் மகளுக்கு வந்ததுபோலவே போன் வந்தது. யோசித்து வாங்கவில்லை. கேட்டார்கள், சரி என்றேன். ஓராண்டு பெட்டியில் கிடந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை வந்தபோது ஜூன் 3 அன்று மருத்துவமனையில் 40,000 ரூபாய்க்கு அந்தக் கார்டைத் தேய்த்தேன். ஜூன் 15 அன்று பில் வந்தது. கடைசி நாள் ஜூலை 5. "செலுத்த வேண்டிய மொத்தத் தொகை 40,000, குறைந்தபட்சத் தொகை 2,000". அந்த மாதம் பள்ளி திறக்கும் செலவு. குறைந்தபட்சம் என்று அவர்களே சொல்கிறார்களே, அது போதும் என்று 2,000 கட்டினேன். மீதி 38,000க்கு மட்டும் இனி வட்டி வரும் என்று நினைத்தேன்.

ஜூலை 15 பில்லைப் பார்த்து நெஞ்சு படபடத்துவிட்டது. மாதம் 3.5% வட்டி, அதாவது ஆண்டுக்கு 42%. அதை ஜூலை 5இலிருந்து போடவில்லை. கார்டைத் தேய்த்த ஜூன் 3இலிருந்து போட்டிருந்தார்கள். 40,000க்கு 32 நாள் வட்டி 1,473 ரூபாய். பிறகு 38,000க்கு 10 நாள் வட்டி 437. மொத்தம் 1,910. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 344. ஆக, 2,000 ரூபாய் கட்டிய பிறகும் என் கடன் 40,254 ரூபாய். மருத்துவமனையில் தேய்த்ததைவிட அதிகம்.

இன்னொன்றும் நடந்தது. அந்த மாதம் அதே கார்டில் மருந்துக்கடையில் 600 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். அதற்கு அந்த 20–50 நாள் தவணை கிடைக்கவில்லை. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கெல்லாம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. தாம்பரம்வாசி தம்பி சொல்லும் வட்டியில்லாத தவணை முழுப் பணம் கட்டுபவருக்கு மட்டுமே. போனில் பேசிய பெண் இதைச் சொல்லவில்லை. சேர்க்கைப் படிவத்தின் பொடி எழுத்தில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

எட்டு மாதம் இப்படியே இழுத்தேன். ஒன்பதாம் மாதம் வளையலை வங்கியில் வைத்து ஆண்டுக்கு ஒன்பதரை சதவீத வட்டியில் நகைக் கடன் வாங்கி, கார்டு பாக்கியை ஒரேயடியாகக் கட்டி முடித்தேன். முதல் நாளே வளையலை வைத்திருந்தால் எவ்வளவோ மிச்சம். கடன் வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை, அம்மா இப்போது செய்தித்தாள் படிக்கிறார். தவறான இடத்தில் வாங்கினேன் என்பதுதான் வருத்தம்.

தாம்பரம்வாசி

ஆசிரியை அம்மா, படித்ததும் மனது கனத்துவிட்டது. ஒரு கேள்வி. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுபவரின் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி கணக்கு வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள் சொல்கின்றனவே? உங்கள் பில் அதற்கு முந்தையதா?

உசிலம்பட்டி ஆசிரியை

அதற்குப் பிந்தையதுதான், தம்பி. முதல் பில் வரும்போது வட்டி என்ற வரியே அதில் இல்லை. அதனால் 40,000இல் 5% என்று 2,000 கேட்டார்கள். முன்தேதியிட்ட வட்டி அடுத்த பில்லில்தான் வந்தது. அதிலிருந்து குறைந்தபட்சத் தொகையிலேயே வட்டியையும் வரியையும் சேர்த்துக் கேட்டார்கள். கடன் வளரவில்லை, உண்மைதான். ஆனால் மாதம் நாலாயிரம் கட்டினால் அதில் அசலில் கழிவது பாதிக்குச் சற்று மேல்தான்.

மளிகைக்கடை தங்கம்

நான் கடைக்காரி. விற்கும் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

என் கல்லாவில் ஒரே ஒரு கியூஆர் அட்டைதான் ஒட்டியிருக்கிறது. முன்பெல்லாம் அதில் வந்தது வாடிக்கையாளரின் கணக்கில் இருந்த காசு. 2022 செப்டம்பர் முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைக்கலாம் என்று வந்த பிறகு, அதே அட்டையில், அதே ஒலிபெருக்கி "பணம் பெறப்பட்டது" என்று சொல்ல, வருவது கடன் காசாகவும் இருக்கிறது. போன வாரம் ஒரு பையன் பால் பாக்கெட்டும் முட்டையும் வாங்கி 86 ரூபாய்க்குப் போனைக் காட்டினான். திரையில் மூன்று வரிகள். இரண்டு வங்கிக் கணக்கு, கீழே ஒரு கிரெடிட் கார்டு. விரல் தானாகக் கார்டு வரிக்குப் போனது. ஏன் தம்பி என்று கேட்டேன். "கணக்கில் காசு குறைவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது அக்கா" என்றான். முட்டைக்குக் கடன் வாங்கினான் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை.

என் கடையில் நோட்டுப் புத்தகக் கடனும் உண்டு. நாற்பது குடும்பங்கள். அதில் எழுதும்போது நானும் பார்க்கிறேன், அவர்களும் பார்க்கிறார்கள். ஒருவர் பக்கம் நிறைந்துவிட்டால் "இந்த மாதம் எண்ணெயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமா" என்று அவர்களே கேட்பார்கள். வட்டி கிடையாது, ஆனால் முகம் பார்த்தாக வேண்டும். கார்டில் முகம் இல்லை. கடன் எவ்வளவு ஏறியது என்று மாதம் ஒருமுறைதான் சொல்கிறது. பெண்ணுக்குக் கார்டு வாங்கினால் யுபிஐயோடு இணைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், குறைந்தது முதல் ஆண்டு.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை இதில் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் நமக்கு வரும் பணத்தில் கழிக்கிறார்கள். மாதக் கடைசியில் கணக்குப் பாருங்கள்.

நெறியாளர்

தனிமடலில் "கார்டு வாங்கித் தருகிறேன்" என்று சிலர் இந்த இழையில் எழுதியவர்களுக்கு எண்கள் அனுப்புவதாகப் புகார் வந்திருக்கிறது. இரண்டு கணக்குகளை நீக்கியிருக்கிறேன். யாருக்கும் ஆதார், பான், ஓடிபி அனுப்ப வேண்டாம்.

ஓய்வுபெற்ற காசாளர்

ஆசிரியை அம்மா எண்களோடு எழுதியதற்கு நன்றி. பயிற்சி வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

42% அதிகம் இல்லையா, சட்டம் எதுவும் இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 16 ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே கார்டு வட்டிக்கு அந்த உச்சவரம்பும் இப்போது இல்லை. காத்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

வேறு சில விஷயங்களில் விதி நம் பக்கம் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் வந்தவை:

கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. அனுப்பி, நம் சம்மதம் இல்லாமல் செயல்படுத்தி, கட்டணமும் போட்டால், அந்தக் கட்டணத்தை ரத்து செய்வதோடு அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் நமக்குத் தர வேண்டும். வரம்பை உயர்த்தவும் நம் சம்மதம் வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்கு. இந்த 500 ரூபாய் விதியை மின்னஞ்சலில் ஒரு வரி எழுதினாலே வேலை நடக்கிறது என்று என்னிடம் வந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். கடைசி நாளைத் தவறவிட்டாலும் மூன்று நாள் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிக்கலாம்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே வேண்டாம். எடுத்த நொடியிலிருந்து வட்டி, அதோடு தனிக் கட்டணம். வட்டியில்லாத் தவணை அதற்குப் பொருந்தாது. "வட்டியில்லா மாதத் தவணை" என்று செல்பேசிக் கடைகளில் சொல்வதிலும் செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் ஒளிந்திருக்கும். மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள்.

மோசடி நடந்தால்: நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னால் நமக்கு நஷ்டம் கிடையாது. இது 2017ஆம் ஆண்டு விதி. நாமே ஓடிபியைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை போனது நம் கணக்கு. அதனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் அழைக்க வேண்டும். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால், அல்லது பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை. 14448இல் விவரம் கேட்கலாம்.

வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு என் பதில்: மாதக் கடைசியில் அவள் கணக்கில் என்ன மிஞ்சுகிறது என்று மூன்று மாதம் பாருங்கள். மிஞ்சுகிறது என்றால் வாங்கட்டும். மிஞ்சவில்லை என்றால் கார்டு அந்தப் பள்ளத்தை மூடாது, ஆழமாக்கும். வாங்குவதென்றால் போனில் அழைத்தவரிடம் வேண்டாம். அவளே நான்கு கார்டுகளின் கட்டணப் பட்டியலைப் படித்து, அவளே விண்ணப்பிக்கட்டும்.

தாம்பரம்வாசி

ஐயா சொன்ன மூன்று மாதச் சோதனை நல்ல யோசனை. என் முதல் பதிவில் அவசரப்பட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. எனக்குச் சரிப்பட்டது என் சம்பளத்தில் பாதி மிஞ்சியதால்தான். அதை நான் எழுதாமல் விட்டது தவறு.

வெகுமதிப் புள்ளிகளைப் பற்றியும் நேர்மையாகச் சொல்கிறேன். ஆண்டுக்கு மூன்று லட்சம் செலவு செய்து, ஒரு சதவீதம் திரும்பக் கிடைத்தால் 3,000 ரூபாய். ஆசிரியை அம்மாவுக்கு ஒரே பில்லில் போனது 2,254. புள்ளிக்காகக் கார்டு வாங்குபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடன் வரலாறு பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமும் இலவசமாக முழு அறிக்கை வாங்கலாம். நான் போன ஆண்டு வாங்கிப் பார்த்தபோது, எப்போதோ கட்டி முடித்த இருசக்கர வாகனக் கடன் இன்னும் நிலுவை என்று இருந்தது. திருத்தச் சொல்லி எழுதினேன், சரியானது. திருத்தக் கோரினால் 30 நாளில் முடிக்க வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

பவானிக்கரை

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். இழையை யாராவது இன்னும் பார்க்கிறீர்களா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சம்பளக் கணக்கை மாற்றவில்லை. மகள் லீவில் வந்தபோது மூன்று பேருமாக ஊர்க் கிளைக்குப் போனோம். அவளுக்கு ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினோம். எங்கள் கணக்கில் மாமியார் பெயரை நீக்கி மகள் பெயரைச் சேர்த்தோம். அவள் அப்பா பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தில் புத்தகத்தைச் செருகினார், அது ஏழு மாதத்தை ஒரேயடியாக அடித்துத் தள்ளியது. நின்றுகொண்டே ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அதில் 436 ரூபாய் ஒரு காப்பீட்டுக்குக் கழிந்திருந்தது. எதற்கு என்று கேட்டதில், முன்பு அவரே கையெழுத்துப் போட்ட பிரதமரின் ஆயுள் காப்பீடு என்று காட்டினார்கள். 2 லட்சத்துக்குக் காப்பீடு இருப்பது எங்கள் யாருக்குமே நினைவில்லை. செயலியில் இதையெல்லாம் பார்க்கலாம் அப்பா என்று மகள் சொன்னாள். பார்க்கலாம், நான் பார்த்திருக்க மாட்டேன் என்றார் அவர்.

மகள் மூன்று மாதமும் நோட்டில் எழுதினாள். விடுதி வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்பியது எல்லாம் போக முதல் மாதம் 1,900, அடுத்த மாதம் 3,400, மூன்றாம் மாதம் 600 மிஞ்சியது. மூன்றாம் மாதம் தோழியின் திருமணம். 600 ரூபாயைப் பார்த்துவிட்டு அவளே, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் அம்மா என்றாள். அழைத்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் ஒன்று செய்தாள். ஊர்க் கிளையில் 20,000 ரூபாய்க்கு நிலையான வைப்பு போட்டு, அதன் பேரில் கார்டு கேட்டாள். வரம்பு 16,000 ரூபாய். யுபிஐயோடு இணைக்கவில்லை, தங்கம் அக்கா சொன்னதை அவளிடம் படித்துக் காட்டினேன். மாதம் ஒரு ரயில் டிக்கெட்டும் செல்பேசிக் கட்டணமும் மட்டும் அதில்.

இப்போது ஒரு சிக்கல். பில் 15ஆம் தேதி வருகிறது, கட்ட வேண்டியது 5ஆம் தேதி. அவளுக்குச் சம்பளம் 7ஆம் தேதிதான். மாற்ற முடியுமா?

ஓய்வுபெற்ற காசாளர்

முடியும், அம்மா. பில் தேதியைக் குறைந்தது ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை விதியிலேயே இருக்கிறது. 20ஆம் தேதிக்கு மாற்றச் சொல்லுங்கள், கடைசி நாள் 10ஆம் தேதியை ஒட்டி வரும். தானியங்கிப் பிடித்தம் வைக்கும்போது "குறைந்தபட்சத் தொகை", "முழுத் தொகை" என்று இரண்டு கட்டம் இருக்கும். முழுத் தொகையில் குறி இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பவானிக்கரை

பார்த்தோம் ஐயா. குறைந்தபட்சத்தில்தான் குறி இருந்தது. மாற்றிவிட்டாள்.